வளவை மூடாத வீடு: செட்டிநாட்டுக் கூட்டு வீடு ஒன்றில் குளிர்ச்சி, மழைநீர், சூரிய மின்சாரம்

சீரமைக்கும் முன் நாங்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வீடு, காரைக்குடியிலிருந்து திருச்சிக்குச் செல்லும் சாலையை ஒட்டிய ஓர் ஊரில் இருக்கிறது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்டது. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வட்டித்தொழில் செய்து ஈட்டிய பணத்தில், பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் வரவழைத்து எழுப்பிய ஆயிரக்கணக்கான வீடுகளில் அதுவும் ஒன்று. கிழக்குத் தெருவில் முகப்பும் திண்ணையும் தொடங்கி, பட்டாலை (கூடம்), வளவு (அறைகள் சூழ்ந்த, வானம் திறந்த நடுமுற்றம்), இரண்டாம் கட்டு (அதற்கடுத்த முற்றப் பகுதி), அடுப்படி என்று நீண்டு, மேற்குத் தெருவில் பின்வாசலாக முடிகிறது. இன்று அது எட்டுப் புள்ளிகளுக்குப் பொதுவான வீடு. திருமணமான ஒவ்வொரு தம்பதியையும் ஒரு புள்ளியாகக் கணக்கிடும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வழக்கத்தில், ஒவ்வொரு புள்ளிக்கும் வளவைச் சுற்றி ஓர் இரட்டை அறை உண்டு. ஆண்டின் பெரும்பகுதியில் ஓர் ஆச்சியும் காவலாளி குடும்பமும் மட்டுமே அங்கு வசிக்கிறார்கள். திருமணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை), படைப்பு (முன்னோர் வழிபாடு) என்று ஏதாவது வரும்போது வீடு நிறைந்து, நான்காம் நாள் அறைகள் மீண்டும் பூட்டப்படுகின்றன.

பங்காளிகள் கூடி எடுத்த முடிவு மூன்று வேலைகளைச் செய்வது என்பதாக இருந்தது. வளவின் திறந்த வாயை ஒளி ஊடுருவும் ஃபைபர் தகடு போட்டு மூடுவது முதல் வேலை. மாடி அறைகளுக்கும் பின்கட்டில் 1980களில் கட்டிய காங்கிரீட் அறைக்கும் ஏசி வைப்பது இரண்டாவது. அந்த மின்செலவை ஈடுகட்ட, கூரை முழுவதும் 10 கிலோவாட் அளவுக்குச் சோலார் பேனல் பதிப்பது மூன்றாவது. கூரை பெரியது, வெயிலும் தாராளம் என்பதால் கணக்கு நேராகத் தோன்றும். ஆனால் இந்த மூன்றில் முதல் வேலையைச் செய்தால்தான் இரண்டாவதற்குத் தேவை எழும், இரண்டாவதைச் செய்தால்தான் மூன்றாவதற்குத் தேவை எழும் என்பதே வீட்டை ஆராய்ந்தபோது தெரியவந்தது. ஆகவே வரிசையைத் தலைகீழாக்கி, வீடு ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையை முதலில் கணக்கில் எடுத்துக்கொண்டோம்.

வளவு செய்யும் வேலை

செட்டிநாடு ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் ஒரு முறையும் ஆகஸ்ட் கடைசியில் ஒரு முறையும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட நான்கு மாதங்களும் அது உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. எனவே கோடையில் நண்பகலின் கடுமையான வெயில் சுவரைவிடக் கூரையையே தாக்குகிறது. சன்னலுக்கு மேல் சிறு சன்ஷேடு வைத்துவிட்டால் வெயிலைத் தடுத்துவிடலாம் என்ற எண்ணம் தென்புறச் சுவருக்குப் பொருந்தும், கூரைக்குப் பொருந்தாது. வீட்டின் நீளம் கிழக்கு மேற்காக ஓடுவதால், காலையிலும் மாலையிலும் சாய்வாக விழும் வெயிலுக்குக் குறுகிய முகங்களே காட்டப்படுகின்றன. அந்த இரு முகங்களிலும் திண்ணையும் தாழ்வாரமும் முன்நின்று நிழல் தருகின்றன.

சுவர்கள் ஒன்றரை அடிக்குக் குறையாத கனம் கொண்டவை. 9 அங்குலச் செங்கல் சுவரே பகல் வெப்பத்தை உள்ளே விடத் தோராயமாக 6 முதல் 8 மணி நேரம் எடுத்துக்கொள்ளும் என்றால், இரு மடங்கு கனமான சுவரில் வெப்பம் உட்பக்கத்தை எட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. பொழுது சாய்ந்தபின் வளவு தன் வேலையைத் தொடங்குகிறது. தரையும் தூண்களும் பகலில் வாங்கிய வெப்பத்தைத் திறந்த வானத்தை நோக்கி வெளியிடுகின்றன, கனம் குறைந்த சூடான காற்று வளவின் வாய் வழியே மேலேறி வெளியேறுகிறது, அந்த இடத்தை நிரப்ப முகப்பிலிருந்தும் பின்கட்டிலிருந்தும் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. முகப்புக் கதவிலிருந்து பின்வாசல் வரை எல்லா நிலைகளும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்திருப்பது கண்ணுக்கு அழகாக இருப்பதோடு காற்றுக்கும் வழியாகிறது.

இந்த வாயை ஃபைபர் தகட்டால் மூடினால் என்ன ஆகும் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை. அதே தெருவில் வளவை மூடிய வீடுகள் உண்டு. தகடு சூரிய ஒளியை உள்ளே விடும். தரை சூடாகி உமிழும் வெப்பக்கதிர் அதே தகட்டின் வழியாக எளிதில் வெளியேறாது. சூடான காற்றுக்கும் மேலே வழியில்லை. இரவில் வானத்துக்கு வெப்பத்தை விடும் வேலையும் நின்றுபோகும். பகலில் தகட்டுக்கு நேர்கீழே நின்றால் தலையில் உறைக்கும். அந்த வெப்பம் மாடி அறைகளுக்குள் புகுந்து, அங்கே ஏசி வாங்க வைக்கும். வீட்டில் இருக்கும் ஆச்சி இதைக் கணக்கில்லாமலே சொன்னார்கள்: “மேல மூடாதீக தம்பி, மூடுனா வளவு வளவா இருக்காது, வேக்காடு தாங்காது.”

மழைச்சாரல், குரங்கு, திருட்டு ஆகிய மூன்றும் மூடச் சொன்னதற்கான காரணங்கள். இரும்புக் கம்பி வலை பின்னிரண்டையும் தடுக்கிறது. அது காற்றையும் மறிப்பதில்லை. சாரலுக்குக் காரணம் திறந்த வாய் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். உண்மையில் தாழ்வார ஓட்டின் விளிம்பில் ஓடும் தகரத் தூம்பு இரண்டு இடங்களில் துருப்பிடித்து உடைந்திருந்தது. நான்கு பக்கக் கூரை நீரும் அந்த ஓட்டை வழியே பட்டாலைப் பக்கம் கொட்டிக்கொண்டிருந்தது. தூம்பை மாற்றியதும் பட்டாலை நனைவது நின்றது. விசேஷ நாட்களில் வளவுக்கு மேலே கித்தான் இழுத்துக் கட்டும் பழைய வழக்கத்துக்காக, கைபிடிச் சுவரில் இரும்பு வளையங்கள் பதித்துக் கொடுத்தோம். வெயில் வேளையில் இழுத்து, இரவில் சுருட்டிவிடலாம். இரண்டாம் கட்டில் மட்டும், உட்கார்ந்து சாப்பிடும் இடம் என்பதால், ஓட்டு முகட்டுக்கு மூன்றடி மேலே நான்கு பக்கமும் திறந்த ஒரு சிறு ஓட்டுக்கூரை அமைத்தோம். இங்கும் பங்காளிகளில் சிலருக்குக் கண்ணாடிதான் விருப்பமாக இருந்தது. இப்போது “செட்டிநாடு ஸ்டைல்” என்ற பெயரில் ஊர் ஊராக எழும் புது வீடுகளில், நான்கு தூணை நட்டுவிட்டு நடுவில் கண்ணாடி போட்டு மூடுவது வழக்கமாகிவிட்டதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். தூணை மட்டும் எடுத்துக்கொண்டு காற்றை விட்டுவிட்ட கட்டடங்கள் அவை.

கூரையைப் பற்றி ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். பழைய வீடு என்றாலே எல்லாப் பகுதியும் இன்றைய விதிகளைவிடச் சிறந்தது என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. குடியிருப்புக் கட்டடங்களுக்காக 2018-இல் வெளிவந்த மத்திய அரசின் ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பான எகோ நிவாஸ் சம்ஹிதா, கூரை வழியே வெப்பம் கடக்கும் அளவு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு பாகை வெப்ப வேறுபாட்டுக்கு 1.2 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, மேலே தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ் தளத்துக்கு நான் போட்ட கணக்கில் அது 2-ஐ ஒட்டி வருகிறது. பின்கட்டின் வெறும் காங்கிரீட் தளத்துக்கு 3.5-க்கு மேல் வருகிறது. பழைய தளம் காங்கிரீட்டைவிட மிகவும் மேல்தான், ஆனால் அந்த ஓர் எண்ணில் விதியை எட்டவில்லை. ஆயினும் கீழ்த்தள அறைகள் குளிர்ந்திருப்பதற்குக் காரணம், அவற்றுக்கும் வெயிலுக்கும் இடையே ஒரு மாடியும், காற்றோடும் ஓட்டு அடுக்கும் இருப்பதே. ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் ‘சீரமைப்பு’கள் இந்தக் காரணத்தால்தான் வீட்டைச் சூடாக்குகின்றன.

சுவரில் ஏறிய ஓதம்

இரட்டை அறைகளின் சுவர்களில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குச் சிமென்ட் பூசியிருந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் ஓதம் ஏறுகிறதென்று செய்த வேலை. அந்தப் பட்டைக்கு மேலே, பழைய பூச்சு நகம் பட்டாலே பொடியாக உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. காரணம் எளியது. சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் வழியே ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அதை விடாது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சிமென்ட்டுக்குப் பின்னால் சிக்கி, அதைத் தாண்டி மேலேறி, முதலில் கிடைக்கும் சுண்ணாம்புப் பரப்பில் ஆவியாகி, கூடவே கொண்டுவந்த உப்பை அங்கே விட்டுவிடுகிறது. ஓதத்தைத் தடுக்கச் செய்த வேலை அதை மூன்றடி உயர்த்திவிட்டது.

சிமென்ட் பட்டையை முழுவதும் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கச் சுவரை உலரவிட்டு, பிறகு சுண்ணாம்புக் காரை பூசப்பட்டது. சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் நாள்கணக்கில் ஊறவைத்து, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைக் கலந்து அடித்தளப் பூச்சு. அதன்மேல் சலித்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த மெல்லிய மேல்பூச்சு. ஈரம் முற்றும் காயுமுன் வழவழப்பான கல்லால் விடாமல் தேய்க்க வேண்டும். பெரிய கொத்தனார் இந்த இடத்தில் வேறு எவரையும் கை வைக்க விடவில்லை. தேய்ப்பு நின்ற இடத்தில் கோடு விழுந்துவிடும் என்பதால், ஒரு சுவரைத் தொட்டால் முடித்துவிட்டுத்தான் சாப்பிடப் போனார். கையால் தடவினால் சலவைக்கல் போல் குளிர்ந்திருக்கும் அந்தப் பூச்சுக்கு வர்ணமே தேவையில்லை. சில பத்தாண்டுகளுக்கு மறுபூச்சும் தேவைப்படாது.

சூழல் கணக்கிலும் இதற்கு இடம் உண்டு. அரைத்துச் சிமென்ட் ஆக்கப்படும் கிளிங்கரைச் சுட ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வேண்டும், சுண்ணாம்புக்கு 900 பாகை அளவு போதும். இரண்டும் சூளையில் கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. ஆனால் சுண்ணாம்பு சுவரில் இறுகும்போது காற்றிலிருந்து அதே வாயுவை உறிஞ்சித்தான் மீண்டும் கல்லாகிறது. சூளையின் எரிபொருள் புகையை அது ஈடுகட்டாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பின்கட்டு அறைத் தரைக்குப் பங்காளிகள் விட்ரிஃபைடு டைல்ஸ் கேட்டார்கள். ஆத்தங்குடிக் கல்லையே போட்டோம். கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, கண்ணறைகளில் வண்ணச் சிமென்ட் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த மணல் சிமென்ட் தூவி, பின் ஈரக்கலவை நிரப்பி, நீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்தி எடுக்கும் கல் அது. கண்ணாடியிலிருந்து உரித்தெடுக்கும் முகத்தில் கண்ணாடியின் மினுமினுப்பே படிந்திருக்கும். சூளையே கிடையாது, பக்கத்து ஊரிலிருந்து வருகிறது. அதிலும் சிமென்ட் உண்டு என்பதால் முற்றிலும் மாசற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொலைவிலிருந்து லாரியில் வரும் சுட்ட டைல்ஸைவிடச் சுமை குறைவு.

நீர்

இந்தச் செம்மண் பூமியில் வற்றாத ஆறு கிடையாது. மழையே நீராதாரம். சிவகங்கைப் பகுதியின் ஆண்டு மழை சுமார் 900 மில்லிமீட்டர், அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களில் கொட்டிவிடுகிறது. இந்த வீட்டில் வளவை நோக்கிச் சரியும் கூரைப் பரப்பு 2,000 சதுர அடி, அதாவது 186 சதுர மீட்டர். ஐந்தில் ஒரு பங்கைச் சேதாரமாகத் தள்ளினாலும் ஆண்டுக்கு 1,30,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். நகரக் குடிநீர்த் திட்டங்கள் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைக்கும் அளவில், நான்கு பேருக்கு ஏறத்தாழ எட்டு மாதம் வரும். முன்னோர் இந்த நீரை மூலைத் தூம்பின் கீழ் வைத்த அண்டாக்களில் பிடித்தார்கள், மிஞ்சியதைக் கிணற்றுக்கும், அதிலும் மிஞ்சியதைத் தெருக் கால்வாய் வழியே ஊரணிக்கும் விட்டார்கள். தமிழ்நாடு அரசு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது இந்த வீடுகளில் புதிதாகச் செய்ய எதுவும் இருந்திருக்கக் கூடாது. இருந்தது, ஏனென்றால் கிணற்றுக்குப் போகும் குழாயை எவரோ அடைத்திருந்தார்கள். அதைத் திறந்து, முதல் மழை அழுக்கை வெளியே தள்ள ஒரு வால்வும், மணல் ஜல்லி வடிகட்டித் தொட்டியும் வைத்ததோடு உள்வேலை முடிந்தது. வெளிவேலை முடியவில்லை. தெருவில் சாலைமேல் சாலை போட்டு மட்டம் உயர்ந்ததால் ஊரணிக்குப் போக வேண்டிய கால்வாய் தாழ்ந்துபோய், மண் மூடிக் கிடக்கிறது. அதை ஒரு வீடு தனியாகச் சரிசெய்ய முடியாது.

சோலார் எவ்வளவு, எங்கே

தென்தமிழ்நாட்டின் வெயிலில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். பக்கத்து மாவட்டமான இராமநாதபுரத்தின் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-இல் எழுந்ததும் இந்த வெயிலை நம்பித்தான். ஆக 10 கிலோவாட் வைத்தால் ஆண்டுக்கு 14,000 யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். வீட்டுக்குத் தேவை எவ்வளவு? சாதாரண நாட்களில் இரண்டு மாதக் கணக்குக்கு 150 யூனிட்டைத் தாண்டுவதே அரிது, அதிலும் முதல் 100 யூனிட் வீடுகளுக்கு 2016 மே முதல் இலவசம். ஒரு விசேஷத்துக்கு நான்கு நாளில் 400 யூனிட் என்று வைத்து, ஆண்டுக்கு மூன்று விசேஷம் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் மொத்தத் தேவை 2,100 யூனிட்டை ஒட்டித்தான் வருகிறது. 2 கிலோவாட் ஆண்டுக்கு 2,900 யூனிட் தரும். கூரையின் பரப்பைப் பார்த்துப் பேனல் வாங்குவது, உண்பவர் இருவராக இருக்க வீட்டிலுள்ள பாத்திரத்தின் அளவுக்கு உலை வைப்பது போன்றது.

மானியக் கணக்கும் அதே பக்கம்தான் சாய்கிறது. வீட்டுக்கூரைச் சோலாருக்காக மத்திய அரசு 2024-இல் தொடங்கிய பிஎம் சூர்யா கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் கிடைக்கும். 78,000 ரூபாய்க்கு மேல் எத்தனை கிலோவாட் வைத்தாலும் கிடையாது. ஆகவே 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் வருகிறது.

எங்கே வைப்பது என்ற கேள்விக்கு வீடே விடை வைத்திருந்தது. ஓட்டுக் கூரையின்மேல் பேனல் வைத்தால் ஏறி நடக்கும் ஒவ்வொரு முறையும் நாட்டு ஓடு உடையும், சட்டத்தைத் தேக்கு உத்தரத்தில் துளையிட்டுத்தான் பொருத்த வேண்டும், ஆடிக் காற்றுக்குத் தூக்கலும் உண்டு, தெருவிலிருந்து பார்த்தால் முகப்பின் வடிவமும் கெடும். உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றதும் இந்த வீடுகளின் கட்டடக்கலைப் பெருமையால்தான். பின்கட்டின் காங்கிரீட் அறையோ வீட்டிலேயே சூடான அறை. அதன் மொட்டைமாடி 250 சதுர அடி. 2 கிலோவாட்டுக்கு 200 சதுர அடி போதும். தளத்துக்கு மேலே மூன்றடி உயரத்தில், தெற்கு நோக்கி 10 பாகைச் சாய்வில் பேனல்களை நிறுத்தியபோது, அவை மின்சாரத்தோடு தளத்துக்கு நிழலும் தந்தன. அடியில் காற்று ஓடுவதால் பேனலும் அளவுக்கு மீறிச் சூடாவதில்லை. சூடானால் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் உற்பத்தி ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறையும் என்பதால் இதுவும் சிறிய ஆதாயம் இல்லை. அந்த அறைக்கு மட்டும் ஒரு ஏசி ஒத்துக்கொள்ளப்பட்டது. மாடி அறைகளுக்கான ஏசி கைவிடப்பட்டது.

மின்விசிறிகளை மாற்றியது இவை எல்லாவற்றையும்விட மலிவான வேலை. வீட்டில் 30 விசிறிகள். பழைய விசிறி ஒன்றுக்கு 75 வாட், மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி மோட்டார் விசிறிக்கு 30 வாட். விசேஷ நாளில் எல்லாம் ஓடினால் 1,350 வாட் மிச்சம், அதாவது வைத்த பேனலின் திறனில் மூன்றில் இரண்டு பங்கு. உயரமான கூரையிலிருந்து நீண்ட கம்பியில் தொங்குபவை என்பதால், ஆட்டம் இல்லாமல் பொருத்துவதற்குத்தான் நேரம் பிடித்தது.

பங்காளிகளுக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்ல வேண்டியிருந்தது. மின்வாரியத்துக்குக் கொடுப்பதையும் அங்கிருந்து எடுப்பதையும் கழித்துக் கணக்கிடும் நெட் மீட்டரோடு இணைந்த இன்வெர்ட்டர், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கல்யாணத்தன்று மின்தடை வந்தால் சோலார் காப்பாற்றும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது ஏமாற்றம். பேட்டரி வைக்கலாம். மின்வேதியியல் ஆய்வுக்கென்றே அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் கொடுத்து உருவான சிக்ரி ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியிலேயே இயங்குகிறது என்று ஒருவர் பெருமையோடு நினைவூட்டினார். ஆனால் ஆண்டுக்குப் பத்து நாள் பயன்பாட்டுக்காகப் பேட்டரியை ஆண்டு முழுவதும் சும்மா வைத்துப் பழசாக்குவது வீண் என்பதால், அந்த நாட்களுக்கு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுப்பது என்றே முடிவானது.

தாமதம் வேறு இடத்தில் வந்தது. மின் இணைப்பு இன்னும் காலமான பாட்டையா பெயரிலேயே இருந்தது. மானிய விண்ணப்பத்துக்கும் நெட் மீட்டருக்கும் பெயர் மாற்றம் வேண்டும், அதற்கு எல்லா வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். எட்டுப் புள்ளிகளில் இருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். கையெழுத்து வாங்கிய காலம் கட்டட வேலையின் காலத்தைவிட நீண்டது. இந்தப் பகுதியில் கூட்டு வீடுகள் பிரித்து விற்கப்பட்டு, அவற்றின் தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போவதற்கும் பெரும்பாலும் இதே சிக்கல்தான் அடிப்படை. பத்துப் பேருக்குச் சொந்தமானதைப் பழுதுபார்ப்பதைவிட விற்றுப் பங்கு பிரிப்பது சுலபமாகிவிடுகிறது.

அதனால் வேலை முடிந்தபின் ஒப்பந்தத்தாள் ஒன்று எழுதப்பட்டது. தூம்பையும் ஓட்டையும் ஐப்பசிக்கு முன் பார்ப்பது, பேனலைக் கோடையில் பதினைந்து நாளுக்கொரு முறை கழுவுவது, சுவரில் எங்கே உதிர்ந்தாலும் சிமென்ட் தொடாமல் பெரிய கொத்தனாருக்குச் சொல்வது ஆகியவை காவலாளியின் பொறுப்பு. அதற்கான தொகையை எட்டுப் புள்ளிகளும் சம பங்காகத் தை மாதத்தில் ஆச்சியிடம் கட்டிவிட வேண்டும். ஊரணிக் கால்வாய் பற்றி ஊராட்சிக்கு எழுதிய மனுவில் தெருவின் மற்ற வீட்டுக்காரர்களிடமும் இப்போது கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.